ஒரு கிலோ தழைச்சத்து எங்கே போகிறது?

ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாமரம் நல்ல ஆண்டில் 100 கிலோ காய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் வண்டியேறிக் கோயம்பேட்டுக்குப் போனாலும், பழத்தோடு தோட்டத்தைவிட்டு வெளியேறும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ 150 கிராம்தான். பழத்தில் தழைச்சத்து பெரும்பாலும் புரதமாகவே இருக்கிறது; மாம்பழச் சதையிலோ புரதமே 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் ஆறு வயதான மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது ஆண்டுக்கு 1 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 1.5 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்). கூடவே 50 கிலோ தொழு உரம். மீதி 850 கிராமில் ஒரு பங்கு இலை, கிளை, வேர் ஆகிறது. இன்னொரு பங்கு காற்றிலும் நிலத்தடி நீரிலும் போய்விடுகிறது. எந்தப் பங்கு பெரிது என்பதை உரத்தை எந்த வாரத்தில், எந்த இடத்தில் போடுகிறோம் என்பதுதான் முடிவு செய்கிறது.

முதலில் மூட்டைக் கணக்கு. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. ஆகவே 1 கிலோ தழைச்சத்துக்கு 2.2 கிலோ யூரியா. மணிச்சத்துக்கு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) போடுபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1 கிலோ மணிச்சத்து தரும் 2.2 கிலோ டிஏபியில் கிட்டத்தட்ட 400 கிராம் தழைச்சத்தும் சேர்ந்தே வருகிறது. அதைக் கழித்தால் யூரியா 1.3 கிலோ போதும். கழிக்காமல் போட்டால் மரத்துக்கு 1.4 கிலோ தழைச்சத்து போய்ச் சேரும். சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் உரம் 2.5 கிலோ.

மண்ணில் விழுந்த யூரியாவை வேர் அப்படியே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி முதலில் அதை அம்மோனியமாக உடைக்கிறது. நம் ஊர் வெயிலில் இதற்குச் சில நாட்கள் போதும். உடையும்போது குருணையைச் சுற்றியுள்ள மண் கொஞ்ச நேரம் கடும் காரத்தன்மை அடைகிறது. குருணை மேலாகக் கிடந்தால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகி எழும்பும். ஈர மண்ணில் தூவி, பாய்ச்சாமல் விட்டுப் போனால் கால் பங்குக்கு மேல்கூட இப்படிப் போகலாம். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணால் மூடினால், அல்லது அன்றைக்கே நல்ல பாய்ச்சல் கொடுத்தால், இந்த இழப்பு பெருமளவு நிற்கும். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்தப் பூச்சு அடுத்த கட்டத்தைத்தான் தாமதப்படுத்துகிறது; அம்மோனியா பறப்பதைத் தடுப்பதில்லை.

அந்த அடுத்த கட்டம், மண் பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுவது. அம்மோனியம் நேர்மின்னேற்றம் கொண்டது என்பதால் களித்துகள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. பிடிக்க ஆளில்லாமல் தண்ணீரோடு இறங்கிவிடும். சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணற்பாங்கான நிலத்தில் அக்டோபர் கடைசியில் போட்ட யூரியாவுக்கு வேர் ஆழத்தில் தங்க வாய்ப்பே குறைவு. களிமண்ணிலோ தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இழப்பு உரக் காசோடு முடிவதில்லை. நைட்ரேட் உருவாகும்போது மண்ணில் அமிலமும் சேர்கிறது. வேர் அந்த நைட்ரேட்டை உறிஞ்சினால் அமிலத்தில் ஒரு பகுதி சமனாகும். கீழே இறங்கிவிட்டால் அமிலம் மேல்மண்ணிலேயே நிற்கும். போதாததற்குக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நைட்ரேட் கூட்டிக்கொண்டு போகும். யூரியா வழியாகப் போடும் 1 கிலோ தழைச்சத்தின் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறத்தாழ 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். அம்மோனியம் சல்பேட் என்றால் 5.4 கிலோ. சுண்ணாம்பு கலந்த கரிசல் மண் இதைத் தாங்கிக்கொள்ளும். சரளைச் செம்மண் தாங்காது. கார அமில நிலை (pH) 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், மணிச்சத்து முடங்கும். வருடா வருடம் மரத்தைச் சுற்றி ஒரே வட்டத்தில் உரம் விழுவதால் அமிலமும் அந்த வட்டத்தில்தான் ஏறுகிறது. மண் பரிசோதனைக்கு வட்டத்துக்குள் ஒரு மாதிரி, மரங்களுக்கு நடுவே ஒரு மாதிரி என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டையும் கலந்து அனுப்பினால் கோளாறு தெரியாது.

இனி மரம். எங்கள் பக்கத்து மா, மே–ஜூனில் பறித்து முடிந்ததும் துளிர்க்கும். அந்தத் துளிர் நான்கைந்து மாதம் முற்றினால்தான் டிசம்பர்–ஜனவரியில் பூங்கொத்து வைக்கும். தழைச்சத்து போய்ச் சேர வேண்டியது அந்தத் துளிருக்கு. பரிந்துரை செப்டம்பர்–அக்டோபர் என்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குவதால், சென்னையைச் சுற்றி செப்டம்பருக்குள் முடித்துவிடுவதே நல்லது. மணற்பாங்கான நிலமென்றால் பாதியை ஜூலையிலேயே கொடுத்துவிடலாம். நவம்பர் ஈரத்தில் யூரியா போட்டால் டிசம்பரில் தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் புதுக்கொழுந்து விடும், பூ மட்டும் வராது. அந்த மெத்தென்ற கொழுந்துக்குத் தத்துப்பூச்சி தேடி வரும்.

உரம் போடும் இடம் மரத்தடி அல்ல. அடிமரத்திலிருந்து 45 முதல் 90 சென்டிமீட்டர் தள்ளி, கிளை நுனியின் நிழல் விழும் எல்லை வரை தூவிக் கொத்திவிட வேண்டும். சத்து உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

மிதமிஞ்சினால் பழம் காட்டிக்கொடுக்கும். தோல் பழுத்தும் பச்சை மாறாது. பங்கனப்பள்ளிக்கு நிறம்தான் விலை என்பதால் மண்டியில் அடி அங்கேயே விழும். உள்ளே கொட்டையைச் சுற்றிச் சதை கூழாகும்; காரணம் கால்சியக் குறைவு. கால்சியம் நீரோட்டத்தோடு பயணிக்கும் சத்து. வேகமாக நீராவியாக்கும் இளம் இலைகள் அதை இழுத்துக்கொள்ள, காய்க்குப் போதாமல் போகிறது.

ஆப்ரிகாட்டிலும் இதே கதை, பருவம் மட்டும் வேறு. குளிர்காலக் குளிர் இல்லாமல் பூக்காத மரம் அது. நம்மிடம் உலர்ந்த பழமாக வருவதைத் தவிர இங்கே வேலையில்லை. லடாக்கிலும் இமாச்சலிலும் இலையுதிர்வதற்குமுன் இலையிலுள்ள தழைச்சத்தை அது மரப்பட்டைக்கும் வேருக்கும் இழுத்து வைத்துக்கொள்கிறது. மண் இன்னும் குளிர்ந்திருக்கும் வசந்தத்தில் பூப்பது பெரும்பாலும் அந்தச் சேமிப்பில்தான். குறைந்தால் இலை வெளிறும், பழம் சிறுக்கும். கூடினால் நெடுந்தளிர்கள் மேலே அடர்ந்து, நிழலில் மாட்டிக்கொண்ட கீழே உள்ள காய்ப்புக் குச்சிகள் காய்ந்துபோகும். பழம் ஒரே சீராகப் பழுக்காது, பழுப்பு அழுகல் நோயும் எளிதில் பிடிக்கும்.

கூடுதலா குறைவா என்பதைப் பசுமையைப் பார்த்துச் சொல்ல முடியாது. காய்க்காத கிளைகளின் நடுவிலிருந்து, முற்றிய இலைகளைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாவுக்குப் பொதுவாக 1 முதல் 1.5 விழுக்காடு நைட்ரஜன் சரியான அளவு. கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். அந்த அளவுள்ள நீரை ஆண்டுக்கு 10,000 லிட்டர் பாய்ச்சினால் மரத்துக்கு 100 கிராம் தழைச்சத்து இலவசம். அதையும் மூட்டைக் கணக்கில் கழிக்கலாம்.

பிப்ரவரி வரை பூ வராத மரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் யூரியா அல்லது 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் கரைத்து இலைமேல் தெளிப்பார்கள். இலை முற்றிக் கரும்பச்சையாகி, நுனி மொட்டு திரண்டிருந்தால்தான் இது பலிக்கும். கொழுந்து மரத்தில் தெளிப்பது வீண்.