சீமெண்ணெய், மண்ணெண்ணெய்: எது சரி?

பர்மாத் தமிழ் வீடுகளில் வயதானவர்கள் வாயில் இன்னும் சீமெண்ணெய்தான். சீமை எண்ணெய் என்பதன் பேச்சு வடிவம் அது. சீமை, வடமொழி சீமாவிலிருந்து வந்தது; முதலில் எல்லை, அப்புறம் அந்த எல்லைக்குள் அடங்கிய நாடு (சிவகங்கைச் சீமை), வெள்ளைக்காரன் வந்தபிறகு அவன் ஊர். கப்பலில் வந்து இறங்கியதெல்லாம் சீமைச் சரக்காகிவிட்டது, சீமை ஓடு, சீமைச் சுண்ணாம்பு, சீமைப் பசு என்று. விளக்கெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் ஊற்றி விளக்கேற்றிய வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து டின்னில் வந்த எண்ணெய்க்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஆனால் பர்மாவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. மத்திய பர்மாவில் உள்ள யேனாஞ்சௌங் என்ற ஊரில் பர்மியர்கள் கையாலேயே கிணறு தோண்டி எண்ணெய் இறைத்தவர்கள். விளக்குக்கும் ஊற்றினார்கள், பூச்சி அரிக்காமலிருக்க வீட்டு மரத்திலும் பூசினார்கள். ஊர்ப் பெயரிலேயே அது இருக்கிறது: பர்மிய மொழியில் யே என்றால் தண்ணீர், நான் என்றால் நாற்றம், சௌங் ஓடை. பர்மா ஆயில் கம்பெனி 1886இல் தொடங்கியபின் அந்த எண்ணெய் இரங்கூனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சிரியத்தில் சுத்திகரிக்கப்பட்டு, சென்னைக்கும் கப்பல் ஏறியது. அக்கரையில் காய்ச்சுகிற எண்ணெய்க்கு இக்கரையில் சீமைப் பெயர்! கடையில் கேட்கும்போது மட்டும் பர்மியப் பெயரான யேநான்ஸி, அதாவது நாற்றத் தண்ணீர் எண்ணெய்.

பெயர் பொருத்தம்தான், அந்த வாடை கையை விட்டு லேசில் போகாது. பொழுது சாய்வதற்குள் லாந்தர் சிம்னியைக் கழற்றி, சாம்பல் தொட்ட துணியால் உள்ளே துடைக்க வேண்டும், பெரியவர்கள் கை நுழையாது என்பதால் அது பிள்ளைகள் தலையில்தான் விழும், ஈரம் காயாமல் மாட்டினால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும், திரியை நேராகக் கத்தரிக்காவிட்டால் சுடர் ஒரு பக்கம் கொம்பு முளைத்தாற்போல் எழும்பி, துடைத்த கண்ணாடியை அரை மணியில் கரியாக்கிவிடும். காலி டின்னை யாரும் எறியமாட்டார்கள். மேலே குறுக்குக் கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கலாம்.

இதன் ஆங்கிலப் பெயரான கிரசின் என்பது கிரேக்கத்தில் மெழுகைக் குறிக்கும் கேரோஸிலிருந்து வந்தது, அந்த எண்ணெயைக் காய்ச்சி வடித்த கனடாக்காரர் ஆப்ரகாம் கெஸ்னர் 1854இல் காப்புரிமை வாங்கியபோது நிலைத்த பெயர். நமக்கு அது வேண்டாம், மண்ணெண்ணெய் இருக்கிறது. பேச்சில் சீமெண்ணெய் இருந்துவிட்டுப் போகட்டும், எழுதும்போது மண்ணெண்ணெய் என்றே எழுதலாம், மண்ணுக்கடியிலிருந்து வருவது என்று பெயரே சொல்லிவிடுகிறது. மண்ணென்னை என்று மட்டும் எழுதாதீர்கள். எள்ளும் நெய்யும் சேர்ந்ததுதான் எண்ணெய். எள்ளே இல்லாத இதற்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது, தேங்காயெண்ணெய்க்கு ஒட்டிக்கொண்ட மாதிரி.