லேப்டாப் ஆன் ஆகவில்லையா? சுவரிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்

போன மாதம் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் 2014இல் வாங்கிக் கொடுத்தது. பேரப்பிள்ளைகளோடு பேசுவது அதில்தான். போனில் முகம் சின்னதாகத் தெரிகிறதாம்.

"வேற கடையில காட்டினேன் தம்பி. போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாக."

நான் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. சார்ஜரைக் கேட்டு வாங்கி, சுவர் பிளக்கிலிருந்து சார்ஜர் கட்டிக்குப் போகும் தடித்த ஒயரை மட்டும் கழற்றிப் பார்த்தேன். கட்டிக்குள் செருகும் முனை கருகி இளகியிருந்தது. கடையில் கிடந்த ஒயர் ஒன்றை மாட்டினேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. பத்து நிமிடத்தில் லேப்டாப் ஆன் ஆனது. ஆச்சி முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. நல்லவேளை, அது என் மேல் இல்லை.

காரைக்குடியில் 15 வருடமாக இந்த வேலை செய்கிறேன். "உயிரே இல்லை" என்று வருகிறவற்றில் போர்டு, அதாவது மதர்போர்டு, நிஜமாகவே செத்தவை குறைவு. ஆனால் போர்டைக் குறை சொல்வது சுலபம், ஏனென்றால் வாடிக்கையாளரால் அதைச் சரிபார்க்க முடியாது. அதனால்தான் சுவரிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள் என்கிறேன். பாதிக் கோளாறை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஆன் ஆகல" என்று சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால் அது பவர் கோளாறு இல்லை, படக் கோளாறு. இருட்டுத் திரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் போயிருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் எச்டிஎம்ஐ ஒயரில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் ரேம் என்கிற நினைவக அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டினாலே பல சமயம் வந்துவிடும். விளக்கு, ஃபேன், சத்தம் எதுவுமே இல்லை என்றால் மட்டும்தான் அது 'நோ பவர்'.

நோ பவர் என்றால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 65 வாட் சார்ஜர் என்றால் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றோ, 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றோ இருக்கும். வோல்ட் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, குறைவாக இருந்தால் திணறும். 'முனை நுழைகிறது, அப்புறம் என்ன' என்று அடுத்த வீட்டு சார்ஜரைக் குத்திப் பார்ப்பவர்கள்தான் எனக்கு நிறைய வேலை கொடுக்கிறார்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சார்ஜர் முனையில் 19.5 காட்டுகிறது என்பதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது. சுமை இல்லாதபோது சரியாகக் காட்டும். லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் 12க்குப் படுத்துவிடும் சார்ஜர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முனைக்குப் பக்கத்தில் ஒயர் உள்ளுக்குள் அறுந்து, ஒன்றிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒயரை வளைத்தால் விளக்கு விட்டு விட்டு எரிகிறதா, அதுதான்.

சில கம்பெனி சார்ஜர்களின் முனைக்கு நடுவில் ஊசி போல ஒன்று இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதன் வேலை. டெல் மாடல்களில் அந்த ஊசி வளைந்தாலோ டூப்ளிகேட் சார்ஜர் போட்டாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். இதைப் பேட்டரிக் கோளாறு என்று நினைத்துப் புதுப் பேட்டரி வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இன்னொன்று: சார்ஜர் கட்டியில் விளக்கு இருந்தால், லேப்டாப்பில் செருகும்போது அதைக் கவனியுங்கள். தனியாக இருக்கும்போது எரிந்து, செருகியதும் அணைந்தால், லேப்டாப்புக்குள் ஷார்ட். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது சுவருக்கு வருகிறேன். நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்கு இருக்கும், பெல்ஜியம் கண்ணாடி இருக்கும், ஆத்தங்குடிக் கல் இருக்கும். எர்த் ஒயர் மட்டும் இருக்காது. மரப்பட்டியில் ஓடும் பழைய வயரிங், பீங்கான் ஃபியூஸ், இரண்டு ஓட்டை பிளக். மூன்று கால் சார்ஜரை அதில் செருகுவதற்கு கன்வெர்ட்டர் போடுவார்கள், இல்லையென்றால் மூன்றாவது காலை ஆக்சா பிளேடால் அறுத்துவிடுவார்கள். அறுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"லேப்டாப்பைத் தொட்டா கிர்ருங்குது" என்று வருவதெல்லாம் இதனால்தான். சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட இருக்கும் கண்டென்சர்கள் மிகச் சிறிய கரண்டை எர்த்துக்கு விட வேண்டும். போக வழியில்லாதபோது அது லேப்டாப்பின் உலோக உடம்பிலேயே நிற்கும். மீட்டரில் 100 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். கரண்டு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் நல்ல சார்ஜரில் ஆளை அடிக்காது, கூசும். ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் நன்றாகவே கூசும். டூப்ளிகேட் சார்ஜர் என்றால் அந்தக் கண்டென்சரின் தரத்துக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். இந்த நிலையில் எச்டிஎம்ஐ ஒயரை டிவியில் செருகினால், தேங்கி நிற்கும் வோல்ட் அந்த வழியாகப் பாய்ந்து போர்ட் போய்விடலாம்.

வயரிங்கை மாற்றுங்கள் என்று சொல்வது சுலபம். வீடு பதினாறு புள்ளிக்கு, அதாவது பதினாறு பங்காளிக் குடும்பங்களுக்கு, சொந்தமாக இருக்கும். ஒரு புள்ளி கோயம்புத்தூரில், ஒரு புள்ளி அமெரிக்காவில். சுண்ணாம்பு அடிக்கவே எல்லாரும் ஒத்துவர வேண்டும்.

சரி, சுவரும் சார்ஜரும் நன்றாக இருக்கின்றன, அப்படியும் உயிர் இல்லை. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் எடுத்துவிடுங்கள், சார்ஜரையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். வந்துவிட்டால் குற்றவாளி பேட்டரி. சார்ஜர் முனை நுழையும் டிசி ஜாக்கையும் ஆட்டிப் பாருங்கள். பல மாடல்களில் அது தனி ஒயரோடு வரும் உதிரி, பத்து நிமிட வேலை. போர்டிலேயே சால்டர் செய்திருந்தால் கொஞ்சம் கை வேலை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகுதான் போர்டு. நான் முதலில் செய்வது, சார்ஜருக்குப் பதிலாக டிசி பவர் சப்ளையில் இணைத்து ஆம்பியரைப் பார்ப்பது. செருகியதும் 0.02 போலச் சின்னதாக நின்று, பட்டனை அழுத்தியதும் ஏறி இறங்கினால் போர்டு உயிரோடுதான் இருக்கிறது. செருகிய உடனே உச்சத்துக்குப் போய் நின்றால் மெயின் லைனில் ஷார்ட். அதுவும் பல சமயம் அரிசி அளவு கூட இல்லாத ஒரு கண்டென்சர்தான். உங்கள் மெக்கானிக் 'போர்டு போச்சு' என்றால் அந்த ஆம்பியர் எவ்வளவு காட்டியது என்று கேளுங்கள். பார்த்தவர் எண்ணைச் சொல்வார்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. லித்தியம் பேட்டரியை ஆராய்ச்சி செய்யும் ஊரில், பீரோவுக்குள் வைத்துப் பேட்டரியைக் கொல்லவும் செய்கிறோம். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வரும்போது லேப்டாப்பை வளவு அறையில் வைத்துவிட்டு அடுத்த வருடம் வந்து திறப்பார்கள். லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். சும்மா கிடந்தாலும் மெல்ல இறங்கும். ஒரு எல்லைக்குக் கீழே போனால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் கதவை மூடிவிடும், அப்புறம் சார்ஜே ஏறாது. பூட்டி வைப்பதாக இருந்தால் 50 சதவீத அளவில் அணைத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டைப் பார்த்துக்கொள்பவரை ஏற்றச் சொல்லுங்கள்.

பேட்டரியின் ஆயுளை அறிய கடைக்கு வர வேண்டியதில்லை. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். முதலாவது 48,000, இரண்டாவது 19,000 என்றால் 40 சதவீதம்தான் மிச்சம்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா? அடி மூடி தரையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்திக் காற்றை விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

பவர் விஷயம் சரியான பிறகுதான் அப்கிரேடு. கிர்ருங்கும் பிளக்கை வைத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியைப் புதுசாக வாங்கி என்ன பயன்?

பழைய லேப்டாப்புக்கு ஒன்றே ஒன்று செய்யப் பணம் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களில் வித்தியாசம் இன்னும் அதிகம். வாங்கும் முன் உங்கள் மாடலில் எது பொருந்தும் என்று பாருங்கள். எம்.2 என்ற சின்ன எஸ்எஸ்டி ஸ்லாட் இருந்தாலும் பழைய மாடல்கள் சிலவற்றில் அது சாட்டா வகையை மட்டுமே ஏற்கும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையைப் போட்டால் கண்டுகொள்ளாது.

ரேமில் கவனம் தேவை. டிடிஆர்3 வேலை செய்வது 1.5 வோல்ட்டில், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். எல் வகை பழைய ஸ்லாட்டில் ஓடும். 1.35 மட்டுமே கொடுக்கும் போர்டில் 1.5 ரேமைப் போட்டால் படம் வராது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி, "ரேம் போட்டேண்ணே, செத்துப்போச்சு" என்று பதறிக்கொண்டு வந்தான். ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அந்த ஒற்றை எழுத்து இல்லை, அவ்வளவுதான். ஆனால் உள்ளே கை வைக்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்ற மறந்து, ஸ்க்ரூ டிரைவர் பட்டு போர்டு ஷார்ட் ஆன கேஸும் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள். ஆச்சியின் லேப்டாப் நான்காம் தலைமுறை. சுற்றுவழியில் ஏற்றலாம்தான், எனக்கு அதில் விருப்பமில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி, வீடியோ கால் பட்டனைத் திரையின் நடுவில் வைத்துக் கொடுத்தேன்.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவர் வீட்டு பிளக்கைப் பார்க்கக் கேட்டேன். சந்தேகப்பட்டபடியே, உருண்டை ஓட்டை இளகி, பிளக்கை ஆட்டினால் உள்ளே பொறி பறந்தது. ஒயர் முனையும் உள்ளே லூஸாகத்தான் இருந்திருக்கும். பொறியும் சூடுமாகத்தான் கருகியிருக்கிறது. வீட்டு வயரிங்கை மாற்றப் பங்காளிகளைக் கேட்க வேண்டும் என்றார் ஆச்சி. அதெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு பிளக் போதும் என்றேன். ஒயர்மேன் வந்து, இரண்டாங்கட்டுக்குப் பின்னால் எர்த் குழி வெட்டி, மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, ஆச்சி உட்காரும் பட்டாலைப் பக்கம் மூன்று ஓட்டை பிளக் ஒன்றை வைத்தார். சுவரில் துளை போடாமல், நிலைக்குப் பக்கத்திலேயே பைப் ஓட்டச் சொன்னார் ஆச்சி.

போன வாரம் போன் வந்தது. "கிர்ருங்கல தம்பி. ஆனா அந்த பிளக்குல இப்ப கிரைண்டரையும் மாட்டலாமான்னு சமையக்காரம்மா கேக்குறா."