செரிகிராஃப்: சொல் விளக்கம்

இந்தச் சொல்லை முதலில் படித்தபோது எனக்குச் செரிமானம்தான் நினைவுக்கு வந்தது. வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; இது அச்சுக்கலைச் சொல், பட்டுத்திரை வழியே மை இறக்கி அச்சிட்ட படத்தின் பெயர். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே அமெரிக்காவில் வந்த அச்சுப்படங்களைப் பார்த்துக்கொண்டே போனால், 1930களின் கடைசியில் கல்லச்சுக்கும் (கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுப்பது) மரச்செதுக்குக்கும் பக்கத்தில் இது வந்து நிற்கும்.

செய்முறை எளிது. மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்ட வேண்டும். மை இறங்கக் கூடாத இடத்தில் துணியின் கண்களைப் பசையால் அடைத்துவிட வேண்டும். ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் மையை இழுத்தால், அடைபடாத கண்கள் வழியே அது தாளில் இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அடைப்பு. கல்லச்சில் இடவலம் மாற்றி வரைய வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய எந்திரமும் வேண்டாம், ஒரு மேசை போதும்.

செலவு குறைவு என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்றுப்போன ஓவியர்களுக்கு அமெரிக்க அரசே 1935இல் ஃபெடரல் ஆர்ட் பிராஜெக்ட் வழியாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. அதன் நியூயார்க் கிளையில் 1938இல் பட்டுத்திரைக்கென ஒரு பிரிவு வந்தது. அதற்குத் தலைமை தாங்கிய அந்தோனி வெலோனிஸ், இந்த முறையை ஓவியர்களுக்குச் சொல்லித்தரக் கையேடும் எழுதினார். ஹாரி காட்லீப், எலிசபெத் ஓல்ட்ஸ் போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள்.

சரி, 'செரிகிராஃப்' என்று புதுப்பெயர் எதற்கு? அதுவரை இந்த முறையில் வந்தவை பெரும்பாலும் கடை விளம்பரங்களும் அறிவிப்புத் தட்டிகளும்தான். 'சில்க் ஸ்கிரீன்' என்று சொன்னால் படம் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். அதனால் கொஞ்சம் பட்டுச்சட்டை போட்ட பெயர் தேவைப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் என்று வெலோனிஸையும், அச்சுப்பட வல்லுநர் கார்ல் ஜிக்ராசரையும் சொல்வதுண்டு. லத்தீனில் 'சேரிகும்' என்றால் பட்டு; பட்டுப்புழு வளர்ப்பைக் குறிக்கும் 'செரிகல்ச்சர்' பிறந்ததும் அதே வேரில்தான். 'கிராஃபைன்' கிரேக்கச் சொல். எழுதுவதும் வரைவதும் அதில் ஒன்றுதான். நாமும் படம் எழுதுகிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம் அல்லவா?

அப்படியே தமிழாக்கினால் 'பட்டெழுத்து' என்று வரும். காஞ்சிபுரத்துச் சேலைக்கரை என்று நினைத்துவிடுவார்கள். 'லித்தோகிராஃப்' என்பதும் 'கல்லில் எழுதியது' என்ற பொருளில் வந்த சொல்தான். நம்மவர்கள் அதைக் 'கல்லச்சு' என்று அழகாக முடித்துக்கொண்டார்கள். அந்த வழியில் போனால் இது 'பட்டுத்திரை அச்சு'. 1930, 40களின் படங்களுக்கு இதுவே சரி, அவை உண்மையில் பட்டில் அடித்தவை. பின்னால் பட்டு போய் நைலானும் பாலியெஸ்டரும் வந்துவிட்டதால், இன்றைய வேலைக்குப் 'பட்டு' பொய்; 'திரையச்சு' போதும். கல்யாணப் பத்திரிகைக்கும் திருப்பூர் பனியனுக்கும் நம் ஊரில் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் இதேதான். கடை விளம்பர அச்சோடு இருந்த, அமெரிக்கர்கள் விலக்கிவைக்கப் பார்த்த அந்த உறவைத் தமிழ்ச்சொல்லும் மறைக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஒரே ஒரு எச்சரிக்கை: அச்சிட்ட படத்தைக் குறிக்கத் 'திரையச்சுப் படம்' என்று எழுதுங்கள். 'திரைப்பட அச்சு' என்று மாற்றிப் போட்டால் சினிமா பிரிண்ட் ஆகிவிடும்.