ரோல் கேஜ்: கூண்டா, கூடா?

பந்தயக் காருக்குள் ஓட்டுநரைக் காக்கப் பொருத்தும் ரோல் கேஜ் என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'உருள் கூண்டு' என்று வரும். இலக்கணப்படி அது வினைத்தொகை. குறளில் வரும் 'உருள்பெருந்தேர்' உருளுகிற பெரிய தேர் என்றால், உருள் கூண்டு உருளுகிற கூண்டாகத்தான் இருக்க முடியும். சர்க்கஸ் சாமான் போலிருக்கிறது. உண்மையில் உருளப்போவது கார். உருண்டாலும் நசுங்காமல் நிற்க வேண்டியது கூண்டு. ஆகவே 'காப்பு' என்ற சொல் நடுவில் வந்தே தீர வேண்டும்: உருள்காப்புக் கூண்டு. பொருளில் பிழையில்லை. ஆனாலும் இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பந்தயக் காரின் உள்ளே, தகட்டு உடலை ஒட்டினாற்போலப் பொருத்தப்படும் எஃகுக் குழாய்ச் சட்டகம் இது. கார் புரண்டாலும் மரத்தில் பக்கவாட்டில் மோதினாலும், ஓட்டுநரைச் சுற்றியுள்ள இடம் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை.

ஆங்கிலச் சொல்லின் இரு பாதிகளும் லத்தீனில் தொடங்கிப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. கேஜின் மூலம் 'கவெயா': குழிவான இடம், விலங்கையோ பறவையையோ அடைத்து வைக்கும் அடைப்பு. ரோலின் மூலம் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா'. சக்கரத்தில் பிறந்த சொல், நான்கு சக்கரமும் வானத்தைப் பார்க்கும் நிலைக்குப் பெயராகிவிட்டது வேடிக்கைதான்.

இந்த ரோல் இன்னொரு வம்பும் செய்கிறது. ரோல் பார் என்றால் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை வளைவு. இப்படிப்பட்ட வளைவுகளைக் குழாய்களால் பிணைத்தால் ரோல் கேஜ். ஆன்டி ரோல் பார் என்பதோ சஸ்பென்ஷனைச் சேர்ந்தது. திருப்பத்தில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கும் முறுக்குத் தண்டு. அங்கே ரோல் என்றால் சாய்வு. இரண்டுக்கும் 'உருள்' போட்டு எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார். அதைச் 'சாய்வுத் தடுப்புத் தண்டு' என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ரோல் கேஜ் உருளுதலைத் தடுப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கார் உருளுவதென்றால் உருண்டே தீரும்.

சரி, உருளுதலா, கவிழ்தலா? விபத்துச் செய்தியில் நாம் 'கார் கவிழ்ந்தது' என்றுதான் எழுதுகிறோம். கவிழ்ந்தால் கூரை ஒருமுறை அடி வாங்கும், அவ்வளவுதான். பந்தய வேகத்தில் போகும் கார் அப்படி நின்றுவிடாது. அடுத்தடுத்துக் கரணமடிக்கும்; ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு மூலை தரையில் மோதும். முதல் அடியில் வளைந்த சட்டகம் மூன்றாவது அடியையும் தாங்க வேண்டும். ஒற்றை வளைவு போதாமல் முழுக் கூண்டு தேவைப்படுவது இதனால்தான். எனவே உருளுதலே சரி.

ஆனால் உருளும்போது காப்பது மட்டும்தான் இதன் வேலையா? இல்லை. உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பு, தன் விதித்தொகுப்பின் ஜே பின்னிணைப்பில் 253ஆம் பிரிவில் இதைப் 'பாதுகாப்புக் கூண்டு' என்ற பொருள்படும் பெயரால்தான் குறிப்பிடுகிறது. அங்குள்ள வரையறையிலும் 'மோதும்போது உடற்சட்டம் உருக்குலைவதைக் குறைப்பது' என்ற கருத்துதான் இருக்கிறது; உருளுதல் என்ற பேச்சில்லை. கதவை நோக்கி வரும் மரமும் எதிர்க்காரும் அதே கணக்கில் அடங்கும்.

உறுப்புகளின் பெயர்களுக்கு வருவோம். முன்னிருக்கைகளுக்குப் பின்னால், காரின் அகலம் முழுக்க நிற்பது மெயின் ஹூப். முதன்மை வளைவு எனலாம். முன்கண்ணாடித் தூண்களையும் அதன் மேல்விளிம்பையும் ஒட்டிச் செல்வது முன் வளைவு. முதன்மை வளைவின் உச்சிக்கு அருகிலிருந்து பின்னோக்கி இறங்கும் நேர்க்குழாய்கள் பின்தாங்கிகள். அவை செங்குத்திலிருந்து குறைந்தது 30 பாகையாவது சரிந்திருக்க வேண்டும். கதவுப் பக்கம் பெருக்கல் குறி போலவோ ஏணி போலவோ போவது கதவுக் குழாய்கள். முதன்மை வளைவு ஒரே குழாயில், நடுவில் ஒட்டுப்போடாமல் வளைத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி.

வடிவமைப்பின் உயிர் முக்கோணத்தில் இருக்கிறது. நான்கு குழாய்களைச் சதுரமாகப் பற்றவைத்து ஒரு மூலையில் தள்ளினால் அது சாய்சதுரமாகிப் படுத்துவிடும். குறுக்கே ஒரு மூலைவிட்டக் குழாய் போட்டால் அசையாது. அது இனி இரண்டு முக்கோணம். ஆனால் அந்த மூலைவிட்டம் மூலையில் போய்ச் சேர வேண்டும். மூலைக்கு நாலு விரல் தள்ளி, குழாயின் நடுவில் முட்டி நின்றால், மோதலின் விசை அந்த இடத்தை வளைத்துவிடும். குழாய்கள் கூடும் இடத்துக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: கணு. ஒரு கூண்டு நல்லதா என்று பார்க்க வேண்டுமானால் குழாய்களை எண்ணாதீர்கள், கணுக்களைப் பாருங்கள். குழாய் கூடக்கூட எடைதான் நிச்சயமாகக் கூடும். வலு கூடுமா என்பது அவை எங்கே சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தது.

குழாயைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்க வேண்டியது விதிப்புத்தகம். எஃப்ஐஏ விதிப்படி, குளிர்நிலையில் இழுத்துச் செய்த, நீளவாக்கில் ஒட்டுத் தையல் இல்லாத கார்பன் எஃகு வேண்டும், கார்பன் 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முதன்மை வளைவுக்குக் குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும். பெரும்பாலான மற்ற குழாய்களுக்கு 38 மி.மீ., 2.5 மி.மீ. போதும். குரோமோலி என்ற குரோமியம்-மாலிப்டினம் எஃகைச் சிலர் மந்திரம் போலச் சொல்வார்கள். அதன் வலிமை அதிகம், உண்மை. விறைப்பு, அதாவது விசைக்கு நெளிந்து கொடுக்காத தன்மை, மட்டும் சாதாரண எஃகுக்கு ஏறக்குறைய அதேதான். வலிமையை நம்பிச் சுவரை மெலிதாக்கினால் விறைப்பில் இழப்பீர்கள். பற்றவைக்கும்போது சூட்டைக் கவனிக்கும் தலைவலி வேறு.

வளைத்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சைலன்சர் குழாய் வளைக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தால் உள்வளைவில் சுருக்கமும், வெளிவளைவில் தட்டையான நசுங்கலும் விரலுக்குத் தெரியும். அந்த இடம்தான் முதலில் மடங்கும். விதி இதையும் அளந்து வைத்திருக்கிறது: வளைவு ஆரம் குழாய் விட்டத்தின் 3 மடங்காவது இருக்க வேண்டும், குழாய் நீள்வட்டமாகியிருந்தால் சிறிய விட்டம் பெரியதில் 0.9 பங்குக்குக் குறையக் கூடாது.

கூண்டின் கால்கள் தரைத்தகட்டில் நேரடியாக நின்றால், அடி விழும்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால் 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட வலுவூட்டுத் தகட்டை முதலில் பற்றவைத்து, அதன் மேல் கால் வைக்கிறார்கள். போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய கூண்டா, உடலோடு பற்றவைத்ததா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: பந்தயத்துக்கு மட்டுமே என்றால் பற்றவைத்தது. உடலும் விறைப்பாகும், கார் கையாளவும் நன்றாக இருக்கும்.

ஹெல்மெட் போடாமல் சாலையில் ஓட்டும் காருக்கு முழுக் கூண்டு வேண்டாம். சிறு மோதலில்கூடத் தலை எஃகுக் குழாயில் இடிக்கும்; காப்பே எமனாகும். பந்தயத்திலும் ஹெல்மெட் படக்கூடிய குழாய்களுக்கு அதற்கென உள்ள கெட்டி நுரை உறை கட்டாயம்.

கூரையில்லாத ஃபார்முலா கார்களில் முழுக் கூண்டு கிடையாது, தலைக்குப் பின்னால் நிற்கும் வளைவுதான். 2022 சில்வர்ஸ்டோன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஜோ குவான்யுவின் கார் தலைகீழாகச் சறுக்கியபோது அந்த வளைவே நொறுங்கியது. ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும், 2018இல் கட்டாயமான ஹேலோ வளையம் அவரைக் காத்தது. 2023க்கான விதிகளில் வளைவின் உச்சியை உருண்டையாக்கி, சோதனைகளையும் கடுமையாக்கினார்கள்.

கடைசியாக, கூண்டா, கூடா? இரண்டும் உறவுச் சொற்கள்தான். ஆனால் கூண்டு என்றதும் புலி, கிளி, நீதிமன்றச் சாட்சி என்று அடைபட்டவர்களே நினைவுக்கு வருகிறார்கள். லத்தீன் கவெயாவும் அப்படிப்பட்ட அடைப்புதான். கூடு என்றால் குஞ்சு இருக்கும் இடம், எலும்புக்கூட்டின் கூடு. உள்ளிருப்பதைத் தாங்கும் சட்டகம். செய்கிற வேலைக்குக் 'காப்புக்கூடு' பொருத்தம் என்பது என் கட்சி. முதன்மை வளைவு, கணு, பின்தாங்கி எல்லாம் அதனோடு இயல்பாக ஒட்டுகின்றன. ஒர்க்‌ஷாப்பில் ரோல் கேஜ் என்றே சொல்லுங்கள், அங்கே அதுதான் புழங்கும். எழுதும்போது முதல் இடத்தில் 'ரோல் கேஜ் எனப்படும் காப்புக்கூடு' என்று போட்டுவிட்டு, அப்புறம் காப்புக்கூடு என்றே தொடரலாம்.