பூட்டிய பல்லுக்கும் நோய் வரும்

"இம்பிளாண்ட் பல்லுக்கு என்ன டொக்டர் வரப்போகுது? அது இரும்புதானே?" நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேட்பவரின் வாயைத் திறந்து பார்த்தால், தாடை எலும்பில் ஆணி வைத்து அதன்மேல் பூட்டிய அந்தப் பல் பளிச்சென்று இருக்கும். அதைச் சுற்றிய முரசு சிவந்து தடித்திருக்கும், விரலால் அமத்தினால் சீழ் கசியும். எக்ஸ்ரே எடுத்தால் ஆணியின் மேற்பாதியைச் சுற்றி எலும்பே இராது. நோவு இல்லாதபடியால் அவர் ஒருவரிடமும் காட்டவில்லை. பல் பூட்டி நாலைந்து வருடமாக அதற்குள் தூரிகை விட்டதுமில்லை. இந்த வருடமும் இதே கதை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது இரும்பல்ல, டைட்டேனியம். 1950களில் சுவீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியக் கூட்டைத் திரும்பக் கழற்ற முடியாமல் எலும்பு அதோடு ஒட்டியிருப்பதைக் கண்டார். 1965இல் அதே முறையில் முதல் நோயாளியின் தாடையில் ஆணி வைத்தார். இன்று நாங்கள் வைப்பதும் அந்த வழிதான். எலும்புக்குள் போகும் ஆணி, அதன்மேல் திருகும் இணைப்புத் துண்டு, அதற்கு மேல் வெளியே தெரியும் பல் என்று மூன்று பாகங்கள். ஆணி பெரும்பாலும் 3.3 முதல் 5 மில்லிமீற்றர் விட்டமும் 8 முதல் 12 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது.

டைட்டேனியத்துக்கும் அதன்மேல் வைக்கும் பல்லுக்கும் சூத்தை பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் நடுவயதுக்கு மேல் பல்லை இழப்பவர்களில் எத்தனையோ பேர் சூத்தையால் இழப்பதில்லை. முரசு நோயால் எலும்பு கரைந்து, பல் ஆடி, தானாக விழும் நிலைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். அந்த நோய் கரைப்பது பல்லை அல்ல, பல்லைத் தாங்கும் எலும்பை. அதே வாய், அதே கிருமி, அதே துப்புரவுப் பழக்கம் இருக்கும்போது, பல்லிருந்த இடத்தில் ஆணி இருக்கிறது என்று எலும்பு தப்பிவிடுமா?

தப்பாது. இயற்கைப் பல்லைவிட ஆணிக்குப் பாதுகாப்புக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தப் பல்லின் வேரில் முரசின் நார்கள் குத்தி இறங்கி வேலி போல நிற்கும். ஆணியில் அந்த நார்கள் பிடிப்பதில்லை, பக்கவாட்டில் சுற்றி அணைத்துக்கொண்டு மட்டும் இருக்கும். காரை படிந்து வீக்கம் தொடங்கினால் அது கீழிறங்கி எலும்பைத் தொட அதிக காலம் எடுக்காது. வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு மெல்லிய மெத்தை இருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டால் உடனே வாயை விலக்க வைப்பது அதுதான். ஆணிக்கு அது இல்லை. அதனால் பல் உயர்ந்து நின்று அடிபட்டாலும் தெரியாது, எலும்பு கரைந்தாலும் தெரியாது. நோவு வரும்வரை பார்த்திருந்தால் ஆணியை எடுக்க வேண்டிய நேரத்தில்தான் வந்து சேருவீர்கள்.

இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முரசு மட்டும் வீங்கி, துலக்கும்போது இரத்தம் வரும் கட்டத்தில் வந்தால் நன்றாகத் துப்புரவு செய்து முழுதாகத் திருப்பிவிடலாம். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு வந்தால் இருப்பதைக் காப்பாற்றத்தான் போராடலாம். போன எலும்பு திரும்ப வரும் என்று எந்தப் பொறுப்பான வைத்தியரும் வாக்குக் கொடுக்க மாட்டார். ஆகவே இம்பிளாண்டைச் சுற்றி இரத்தம் கண்டால் அந்தக் கிழமையே காட்டுங்கள்.

துப்புரவு என்றால் மேலால் நாலு இழுப்பு இழுப்பதல்ல. மென்மையான தூரிகையை முரசும் பல்லும் சேரும் வரம்பில் சாய்த்துப் பிடித்துத் துலக்க வேண்டும். இரவில் ஒருமுறை, பல்லிடைத் தூரிகையை இரு பக்கமும் விட்டெடுக்க வேண்டும். அதன் கம்பி பிளாஸ்ரிக் பூசியதாக இருக்கட்டும், வெறுங்கம்பி ஆணியைக் கீறும். எந்த அளவுத் தூரிகை பொருந்தும் என்பதை வைத்தியரே உங்கள் வாயில் விட்டுக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கேளுங்கள். உமிக்கரி, உப்புத்தூள், ஈர்க்கு, குண்டூசி ஒன்றும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. சலரோகம் உள்ளவர்களும் முரசு நோயால் பல்லை இழந்தவர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள்.

அடுத்தது அவசரம். "மூன்று கிழமை லீவில வந்திருக்கிறன், பிடுங்கிப் பூட்டி விடுங்கோ" என்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்களின் நெருக்கடி எங்களுக்கு விளங்குகிறது. எலும்புக்கு அது விளங்காது. பல் பிடுங்கிய குழி ஆற இரண்டு மூன்று மாதம். ஆணி வைத்தபின் கீழ்த் தாடையில் இரண்டு மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல் தாடையில் மூன்று முதல் ஆறு மாதம். குழியின் சுவர் உடையாமல், சீழ் இல்லாமல், ஆணி இறுக்கமாகப் பிடித்தால் பிடுங்கிய அன்றே ஆணி வைக்கலாம். அப்படி வைத்து அதன்மேல் தற்காலிகப் பல் பூட்டினாலும் அது எதிர்ப்பல்லோடு முட்டாதபடி அமைய வேண்டும். மிக ஆபத்தான காலம் மூன்றாம் நான்காம் கிழமைகள். ஆணியை முதலில் இறுக்கிப் பிடித்த எலும்பு கரைந்து, புதிய எலும்பு இன்னும் முற்றாத நேரம் அது. அந்த நேரத்தில் 0.15 மில்லிமீற்றர் அளவுக்கு ஆணி அசைந்தாலே எலும்புக்குப் பதிலாக நார்தான் வளரும். அப்படியான ஆணி ஒருநாளும் ஒட்டாது, கழற்றத்தான் வேண்டும். விமானம் ஏறுகிற அந்தக் கிழமையில்தான் முறுக்கும் ஒடியலும் கடிபடுகின்றன.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. இந்தத் திருவிழாவுக்கு ஆணி, அடுத்த திருவிழாவுக்குப் பல். ஆணி முரசுக்கு அடியில் ஒரு வருடம் இருந்தால் ஒரு கேடும் இல்லை. இடையில் கழற்றிப் பூட்டும் பல் ஒன்று போட்டுக்கொள்ளலாம். மாறாக, பல்லைப் பிடுங்கிவிட்டு "பிறகு பார்ப்பம்" என்று வருடக்கணக்கில் விடாதீர்கள். பிடுங்கி ஒரு வருடத்துக்குள் எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும்.

முப்பரிமாண ஸ்கான் எடுக்கச் சொன்னால் காசு பறிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கீழ்க் கடைவாயில் தாடை நரம்பிலிருந்து குறைந்தது 2 மில்லிமீற்றர் தள்ளி ஆணி நிற்க வேண்டும். அதைத் தொட்டால் கீழ்ச் சொண்டும் நாடியும் விறைத்தபடியே நின்றுவிடலாம். மேல் கடைவாயில் எலும்புக்கு மேலே காற்றறை இருக்கிறது, அங்கே எலும்பு போதாவிட்டால் முதலில் எலும்பு வைக்க வேண்டிவரும்.

நீங்கள் போடும் குளிசைகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், முடிந்தால் கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். அம்மம்மாமார் எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒருமுறை போடும் குளிசையை மருந்தென்றே கணக்கெடுப்பதில்லை. அதைச் சொல்லாமல் எலும்பில் கை வைத்தால் தாடை ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. அதே வகையான ஊசிகள் புற்றுநோய்க்குப் போடப்பட்டிருந்தால் அபாயம் இன்னும் கூட. இரத்தம் உறையாமலிருக்கப் போடும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அது இதய வைத்தியரோடு பேசி முடிவெடுக்கும் விடயம். சலரோகக்காரர்கள் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொண்டு வாருங்கள். 7ஐ ஒட்டி இருந்தால் பயமில்லை, 8க்கு மேலென்றால் முதலில் சீனியைக் கட்டுப்படுத்துங்கள், ஆணி காத்திருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு, கிரிக்கெட் பந்து பட்டுப் பல் போனாலும், தாடை வளர்ச்சி முடியும்வரை ஆணி வைக்கக்கூடாது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களிடமும் சிகரெட், சுருட்டு பிடிக்கிறவர்களிடமும் ஒரு மன்றாட்டம். புகைப்பவர்களில் ஆணி ஒட்டாமல் போவது புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பாக்கினால் சொக்கின் உட்பக்கம் இறுகி வாய் மூன்று விரல் அகலம் திறக்காதவர்களுக்குக் கடைவாயில் கருவியையே நுழைக்க முடியாது. அந்த இறுக்கம் புற்றுநோய்க்கு முந்திய நிலை. அப்படியானவர் இம்பிளாண்டை மறந்துவிட்டு முதலில் வாயைப் பரிசோதிக்க வேண்டும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோருக்கும் ஆணி தேவையுமில்லை. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிதாக அடைத்தவை என்றால் அவற்றைப் பிடித்துப் பாலம் கட்டுவது நல்ல தெரிவு. பல்லே இல்லாத கீழ்த் தாடையில் செட்டுப் பல் துள்ளிக்கொண்டே இருக்கும் பெரியவர்களுக்கு, முன்பக்கத்தில் இரண்டே இரண்டு ஆணி வைத்து அந்தச் செட்டைக் கொழுவிவிட்டால் சாப்பாடே மாறிவிடும்.

செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆணி வைத்த அன்றே அதன் கம்பனி, வகை, விட்டம், நீளம், தொகுதி எண் அடங்கிய அட்டையை வாங்கிப் படமெடுத்துத் தொலைபேசியிலும் வைத்திருங்கள். ஒவ்வொரு கம்பனியின் திருகுக்கும் சாவி வேறு. இங்கே பூட்டியதற்கு ரொறன்ரோவில் சாவி தேடுகிறவர்களும், அங்கே பூட்டியதை இங்கே கொண்டுவந்து பெயர் தெரியாமல் நிற்பவர்களும் அலைவது இந்தத் துண்டு அட்டை இல்லாததால்தான்.

ஆணிக்கு மேல் பூட்டிய பல் இலேசாக ஆடினால் பெரும்பாலும் உள்ளே திருகுதான் தளர்ந்திருக்கும், வேளைக்கு வந்தால் இறுக்கிவிடலாம். ஆட ஆடக் கடித்தால் திருகு உள்ளேயே முறியும், அதை எடுப்பது பெரும்பாடு. கழன்று விழுந்தால் பல்லைக் கழுவிச் சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவாருங்கள். சுப்பர் குளூ வைத்து ஒட்டாதீர்கள்.