டீசல் 85 கிலோ, பேட்டரி 3 டன்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி வைத்திருப்பவரிடம் மின்சார லாரி என்று பேச்செடுத்தால், "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டருங்க?" என்பார். அடுத்த கேள்வி, "எத்தனை டன் ஏத்தலாமுங்க?" சிக்கலே இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. முதல் விடை கூடினால் இரண்டாவது விடை குறையும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துச் சக்கர டாரஸ் லாரி ஒன்று லோடோடு 400 கிலோமீட்டர் போக வேண்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 100 லிட்டர் டீசல். எடை சுமார் 85 கிலோ. அதே வண்டி மின்சாரத்தில் ஓடினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாகும். முழுக்கத் தீர்த்துவிடாமல் கொஞ்சம் கையிருப்பும் வைத்துக்கொண்டால் 480 யூனிட் பேட்டரி வேண்டும். பெட்டி, குளிர்விக்கும் குழாய், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ பேட்டரியில் 0.15 யூனிட் நிற்கும் என்று கொண்டால், மொத்தம் 3.2 டன்.

ஒரு கிலோ டீசலில் இருப்பது சுமார் 12 யூனிட் ஆற்றல். பேட்டரியைப் போல 80 மடங்கு. ஆனால் டீசல் எஞ்சின் அதில் 40 சதவீதம் அளவுக்குத்தான் ஓட்டத்துக்குக் கொடுக்கும், மீதியெல்லாம் சூடாகப் போய்விடும். மின்மோட்டார் 90 சதவீதம் வரை கொடுக்கும். அதையும் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 35 மடங்காக இறங்குகிறது. இறங்கியும் 35 மடங்கு!

இவ்வளவு வித்தியாசம் ஏன்? டீசல் எரிய ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ டீசலுக்கு 3 கிலோவுக்கும் மேல் ஆக்சிஜன் செலவாகிறது. அதை லாரி சுமப்பதில்லை, வழியெல்லாம் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அரிசியை மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பி, போகிற ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்திச் சோறாக்குகிற மாதிரி. எரிந்த பிறகு மிஞ்சுவதும் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். பேட்டரியில் வேதிவினைக்கு வேண்டிய இரண்டு தரப்பும் உள்ளேயே இருக்க வேண்டும். இரும்பு பாஸ்பேட், கிராபைட், மின்சாரத்தைக் கடத்தச் செம்புத் தகடு, அலுமினியத் தகடு என்று எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். பேர் என்னவோ லித்தியம் பேட்டரி. எடையில் லித்தியம் மிகச் சிறு பங்குதான். டீசல் டேங்க் போகப்போக இலகுவாகும். பேட்டரி காலியானாலும் அதே 3.2 டன்.

சரி, அதனால் லாரிக்காரருக்கு என்ன நட்டம்? நம் டாரஸ் மாதிரி மூன்று ஆக்சில் (அச்சு) உள்ள லாரியின் மொத்த எடை 28.5 டன்னைத் தாண்டக் கூடாது. 2018இல் உயர்த்திய வரம்பு இது. எஞ்சின், கியர்பாக்ஸ், டேங்க் போன்றவற்றைக் கழற்றிய வகையில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே மிச்சமாகும் என்று வைத்தாலும், 18 டன் ஏற்றிய வண்டி 16 டன்தான் ஏற்றும். சிமென்டுக்கு வாடகை டன் கணக்கில். ஒவ்வொரு நடையிலும் இரண்டு டன் வாடகை போச்சு. ஆனால் திருப்பூரிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் பனியன் பெட்டிகளைப் பாருங்கள். எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே வண்டியில் இடம் தீர்ந்துவிடும். அந்த லாரிக்குப் பேட்டரி எடை பெரிய பாரமே இல்லை. என்னைக் கேட்டால், மின்சார லாரி ஒத்து வருமா என்பதற்கு லோடு என்ன என்று தெரியாமல் பதில் சொல்லவே கூடாது. ஐரோப்பாவில் மின்சார லாரிகளுக்கு இரண்டு டன் வரை கூடுதல் எடைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படித் தளர்த்தினால் ரோடு என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாயில் 1950களின் கடைசியில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்த சோதனையில் கிடைத்த விதி ஒன்று உண்டு: ஆக்சில் எடை கூடினால், ரோட்டுக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடும். எடை 10 சதவீதம் ஏறினால் சேதம் 46 சதவீதம் ஏறும். மின்சாரக் கார்களால் ரோடு கெடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அதே விதிப்படி 10 டன் லாரி ஆக்சில் முக்கால் டன் கார் ஆக்சிலைப் போல முப்பதாயிரம் மடங்கு சேதம் செய்யும். கார் எடை இருநூறு, முந்நூறு கிலோ கூடுவது ரோட்டுக்கு ஒரு கணக்கே இல்லை. காரில் கவலைப்பட வேண்டியவை வேறு: டயர் சீக்கிரம் தேயும், மோதினால் எதிரே மொபட்டில் வருபவருக்கு அடி பலமாக விழும்.

மலைப்பாதையில் எடை இன்னும் நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். ஒரு டன்னை அந்த உயரத்துக்குத் தூக்க 4 யூனிட் வேண்டும். நம் லாரி பேட்டரி தன்னைத் தானே தூக்கிக்கொள்ள மட்டும் 13 யூனிட். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பெரும்பகுதியைத் திருப்பித் தரும்; பிரேக்கும் சூடாகாது. ஆனால் ஊட்டியில் முழு சார்ஜ் ஏற்றிவிட்டு உடனே இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது. மலை மேல் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போவதும் ஆகாது. எடை கூடினால் டயரின் உருளல் தடை கூடும், ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் பலமாக வேண்டும், அந்த எடையை இழுக்க இன்னும் கொஞ்சம் பேட்டரி. பாதி பேட்டரியோடு கிளம்பி, டிரைவர் சாப்பிடும் நேரத்தில் வழியில் சார்ஜ் ஏற்றினால் ஒன்றரை டன் மிச்சம். அதற்கு நெடுஞ்சாலையில் லாரிக்கேற்ற பெரிய சார்ஜர் வேண்டும்.

இன்னொரு வழி நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளின் கையிலேயே இருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. பலத்துக்காகத் தகட்டைத் தடிமனாக வைத்தாலும் பாடியின் எடை நன்றாகவே குறையும். விலை அதிகம், பற்றவைப்பதும் இரும்பைவிடச் சிரமம். ஆனால் சிமென்டு லாரிக்குப் பாடியில் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் லோடாக ஏற்றலாம்.