மெலிந்த மண்ணில் பூக்கும் புல்வெளி

தோட்டம் போடுகிறவர் முதலில் தேடுவது எருவை. காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளியை உருவாக்க முனைபவரோ, மண்ணிலுள்ள வளத்தை எவ்வாறு குறைப்பது என்றே முதலில் எண்ண வேண்டியிருக்கிறது. இதற்கான சான்று இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருக்கிறது. கால்நடைகளுக்கான உலர்புல் விளைச்சலை எந்த உரம் கூட்டும் என்றறிய 1856இல் ஜான் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் இருவரும் அங்கே தொடங்கிய சோதனை இன்றும் தொடர்கிறது. எந்த உரமும் இடப்படாத பாத்திகளில் ஏறத்தாழ 40 தாவர இனங்கள் வளர்கின்றன. ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் இடப்பட்டு அமிலத்தன்மை ஏறிய பாத்திகளிலோ இரண்டு மூன்று இனங்களே எஞ்சியுள்ளன.

அமிலம் ஒருபுறமிருக்க, உரமே பூச்செடிகளை ஒடுக்குவதற்கு முதன்மையான காரணம் நிழல். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் அதை விரைந்து உறிஞ்சும் புற்கள் உயர்ந்து அடர்கின்றன. குட்டையான பூச்செடிகளும் அவற்றின் நாற்றுகளும் ஒளியின்றி மடிகின்றன. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உரமிட்ட புல்லின் அடிப்பகுதியில் விளக்குகளைப் பொருத்தி ஒளியூட்டியபோது இன இழப்பு பெருமளவு தடுக்கப்பட்டது. 1930களுக்கும் 1980களுக்கும் இடையே பிரிட்டன் தன் பூப்புல்வெளிகளில் 97 விழுக்காட்டை இழந்ததற்கு உழவும் உரமும் பெரும் காரணங்கள்.

வளத்தைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. கோடையில் பூக்கள் விதை பிடித்த பிறகு புல்லை அறுத்து, விதைகள் உதிரும்படி சில நாட்கள் தரையில் காயவிட்டு, பின்னர் முழுவதையும் அகற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் அது மக்கி, எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்பித் தந்துவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் எளிதில் நீங்காமல் பல பத்தாண்டுகள் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். ஆகவே பழைய வயல்களில் மேல்மண்ணையே வழித்தெடுப்பதும் உண்டு.

இன்னொரு வழி, புல்லுக்குப் பகையான செடியொன்றைத் துணைக்கு அழைப்பது. மஞ்சள் பூப் பூக்கும் 'யெல்லோ ராட்டில்' தன் வேர்களைப் பக்கத்துப் புல்லின் வேர்களில் பதித்து நீரையும் சத்தையும் உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி. நம் கரும்பு, சோள வயல்களில் உழவர்கள் வெறுக்கும் சுடுமல்லியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே களையாகக் கருதப்படும் குணமே இங்கே வரமாகிறது. புல் வலுவிழந்து இடைவெளி பிறக்க, மற்ற பூச்செடிகள் அங்கே வேரூன்றுகின்றன. யெல்லோ ராட்டில் விதை முளைக்க நீண்ட குளிர் வேண்டும் என்பதால் இலையுதிர் காலத்தில், புல்லை ஒட்ட வெட்டி மண் தெரியும்படி கீறிய இடத்தில் தூவ வேண்டும். ஓராண்டுச் செடியான இதன் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடிருப்பதில்லை. எனவே அது விதை உதிர்க்கும் முன் ஓராண்டு புல்லறுத்துவிட்டாலே அது அவ்விடத்திலிருந்து மறையக்கூடும்.

விதைப் பொட்டலத்தின் படத்தில் கண்ணைப் பறிக்கும் செந்நிறப் பாப்பியும் நீலக் கார்ன்ஃபிளவரும் உண்மையில் புல்வெளிச் செடிகளே அல்ல. கோதுமை வயல் களைகளான அவை ஆண்டுதோறும் கிளறப்படும் மண்ணில்தான் முளைக்கும். முதல் கோடையில் நிறம் கொட்டிவிட்டு, உழாமல் விட்டால் மறு ஆண்டே புல்லுக்கு இடம்கொடுத்துவிடும். அவற்றை வாங்கி ஏமாறுவோர் ஏராளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பல்லாண்டுச் செடிகளின் கலவையோ முதலாண்டில் வெறும் இலையாகத்தான் நிற்கும்.

பொறுமைக்குப் பலன் உண்டு. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில், 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஒட்ட வெட்டப்பட்டுவந்த புல்தரையின் ஒரு பகுதியில் 2019இல் காட்டுப்பூக்களை விதைத்தனர். வெட்டப்படும் பகுதியைவிட அங்கே தாவரங்கள், சிலந்திகள், பூச்சிகள் ஆகியவற்றின் இனங்கள் மூன்று மடங்குக்கு மேல் இருந்ததாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

தேன் மட்டும் போதாது. வண்ணத்துப்பூச்சிக்குப் புழுவின் தீனியும் வேண்டும். 'காமன் புளூ' என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் 'பேர்ட்ஸ்-ஃபுட் டிரெஃபாயில்' என்னும் மஞ்சள் பூச்செடியில். 'மெடோ பிரவுன்' வண்ணத்துப்பூச்சியின் புழு புல்லைத் தின்று புல்லடியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆகையால் அறுவடையின்போது ஒரு பகுதியை வெட்டாமல் விட்டு, அடுத்த ஆண்டு வேறொரு பகுதியை அவ்வாறு விடுவதே நல்ல வழக்கம்.